பாளை வராத நாற்பத்து மூன்றாம் நாள்

ஓங்குக வெண்குன்ற நாடு. வற்றாது ஒழுகுக அதன் ஆறுகள். ஆம்பல் மூதூர் அரியணையில் அமர்ந்து வடமலை ஏழும் காக்கும் உமையாழி தேவியாராகிய யாம், கருங்கணவாய்க் கோட்டைத் தலைவர், பகைக்கு முதுகு காட்டாத நெடுங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் அதனுள் வாழும் குடிகளும் நலம் பெறுக.

எம் தம்பி கோவேள் கணவாய்ப் போரில் பட்டதையும், அவனைச் சுமந்த பாளை என்னும் பெண்குதிரை அவனருகே வீழ்ந்ததையும், பகைவர் கைப்படாதிருக்க அன்று மாலையே இரு உடலையும் மண்ணில் அடக்கியதையும் எழுதி அறிவித்தீர். செய்தது முறையே. உம்மேல் எமக்குக் குறையில்லை.

இவ்வோலை பாளையின் துணையான முகில் என்னும் குதிரையின் பொருட்டு. இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்து, பத்தாண்டுகள் ஒரே இலாயத்தில் நின்றவை. ஒன்றின் முகத்து ஈயை மற்றொன்றின் வால் ஓட்டும். ஒன்றின் பிடரியை மற்றொன்று பல்லால் சொறிந்துவிடும். போர் மூண்டபோது முகிலுக்குக் குளம்பில் புண். ஆதலின் பாளையை மட்டும் கொண்டுசெல்ல ஆணையிட்டோம். இலாயம் காக்கும் பூதனார் எம் முன் விழுந்து, போனால் இரண்டும் போகட்டும், இல்லையேல் இரண்டும் இருக்கட்டும் என்று வேண்டினார். நாடு பற்றி எரிகையில் குதிரைகளின் நட்பைப் பேசுகிறீரோ என்று கடிந்து அனுப்பினோம்.

பாளை புறப்பட்டு இன்று நாற்பத்து மூன்றாம் நாள். முதல் மூன்று நாள் முகில் வேலியோரம் ஓடி ஓடி வியர்வையில் நனைந்தது. பின்பு வடவாயிலை நோக்கி நின்றது, இன்றும் நிற்கிறது. தெருவில் குளம்போசை கேட்டால் கனைக்கும். வந்தது வேறு குதிரை என்று கண்டதும் தலை தாழ்த்தும். துணைக்கு இரண்டு குதிரைகளைக் கட்டினோம். மோந்து பார்த்து முகம் திருப்பிக்கொண்டது. கொள்ளும் வெல்லமும் எம் கையாலேயே நீட்டினோம், இரண்டொரு வாய்க்கு மேல் உண்ணவில்லை. விலா எலும்புகள் தெரிகின்றன.

நேற்று பூதனாரை அழைத்து, செய்வது யாதெனக் கேட்டோம். அவர் எம்மை நிமிர்ந்து பாராமலே சொன்னார்: "செத்தத கண்ணால கண்டா, மோந்து பாக்கும் தாயே. ரெண்டு நாளு பக்கத்துலயே நிக்கும், அப்புறம் புல்லத் தொடும். இது காணலையே. அவ வருவான்னுதானே நிக்குது."



ஆதலின் ஆணையிடுகிறோம். பாளை வீழ்ந்தபோது அதன் முதுகில் கிடந்த சேணத்துணி உம்மிடம் இருப்பின், அதைத் துவையாமலும், வெயிலில் காயவிடாமலும், குருதிக்கறையோடே புதுப்பானையில் இட்டு வாய்கட்டி விரைந்து அனுப்புக. கல்லறையைத் திறக்க வேண்டா. இவ்வோலை வர ஏழு நாள், துணி வர ஏழு நாள். அதுவரை முகில் நிற்குமென்று பூதனார் உறுதி கூறவில்லை. அத்துணியில் மணம் எஞ்சியிருக்குமென்றும் கூறவில்லை. ஆயினும் அனுப்புக. பிரித்த குற்றம் எம்முடையது; இலாயத்தார் எவரையும் எவரும் பழிக்கலாகாது.

ஆம்பல் முத்திரை இட்டு, அமைச்சர் அறிய விடுத்தோம்.

முத்திரைக்குக் கீழே எம் கையெழுத்தில்: கோவேளின் மேலாடை கிடைத்திருப்பின் அதையும் துவையாது வேறொரு பானையில் வைத்து அனுப்புக. அது இலாயத்திற்கு அன்று. எனக்கு.