வேண்டாத மூன்று சொற்கள்

சால்ட்பாண்ட், கானா,
வெள்ளிக்கிழமை, நீ பிறந்த கிழமை

ஃபீஃபி அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு என்று எழுதப் போனேன், அம்மா வேண்டாம் என்கிறாள், கிழிக்காதே, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள், ஆனால் யாரிடமும் காட்டாதே. இந்த வீட்டிலிருந்து உனக்கு ஒரு வரி போனது என்று அப்பாவுக்குத் தெரிந்தால் அடிக்க மாட்டார், அவர் யாரையும் அடித்ததில்லை, ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார், எனக்கு அதுதான் பயம். அவர் உள்ளே தூங்குகிறார். நானும் அம்மாவும் மீன் புகைபோடும் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்பாவின் காது இப்போது மிகவும் கூர்மை, ஏன் என்று பிறகு சொல்கிறேன், பேனா உரசுகிற சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அம்மா காய்ந்த மிளகாயைக் கிள்ளிக்கொண்டே கோயில் பாட்டை முணுமுணுக்கிறாள், நடுநடுவே பாட்டை நிறுத்திவிட்டு இதை எழுது, அதை எழுது என்கிறாள். ஆகவே இது அம்மாவின் கடிதம் அண்ணா. வாய் அவளுடையது, கை என்னுடையது.

நீ சுகமா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன். இன்னொரு தடவை எழுது என்கிறாள். "ஒரு தடவை எழுதினாப் போதும்மா, படிக்கிறவனுக்குப் புரியும்" என்றேன். "உங்கப்பன் மாதிரியே பேசாதடி. நான் ஒரு தடவையா நெனச்சேன்? எழுது" என்கிறாள். ஆகவே அண்ணா, நீ சுகமா, நீ சுகமா. அங்கே குளிர் வந்துவிட்டதாம், அங்கிருந்து வந்திருக்கிற மான்சா அக்கா சொன்னாள், தடிமனான காலுறை போட்டுக்கொள். குளிர்சாதனக் கிடங்கில் வேலை முடிந்து வந்ததும் ஆறிப்போனதைச் சாப்பிடாதே, சூடு பண்ணிச் சாப்பிடு. இந்த ஆண்டு மத்தி நன்றாகப் பட்டது, அம்மா புதிதாக ஓர் அடுப்பு போட்டிருக்கிறாள். நம் கோயிலுக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார், எல்லோரும் எழுந்து மேலே நில்லுங்கள் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிக்கிறார், நான் உடனே அப்பா முகத்தைப் பார்ப்பேன், பழைய அப்பாவாக இருந்தால் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, கீழே எழுந்து நிற்க வழியுண்டா பாதிரியாரே என்று கேட்டிருப்பார். இப்போது பேசாமல் எழுந்து நிற்கிறார்.

இரவுச் சாப்பாட்டின்போது நாம் ஆடுகிற ஆட்டம் உனக்கு நினைவிருக்கிறதா? அன்றைக்குத் தெருவில் கேட்ட இங்கிலீஷில் வேண்டாத சொல் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், நல்லதாகக் கொண்டுவந்தவருக்கு அப்பா தன் தட்டிலிருந்து மீன் தலையை எடுத்து வைப்பார். எனக்கு அப்போது வாக்கியமே சரியாக வராது, நீ எனக்காக ஒன்றைக் காதில் ஓதிக் கொடுப்பாய். மருந்துக்கடைப் பலகையில் இருந்த ஃப்ரீ கிஃப்டை நீ கொண்டுவந்த நாளில் அப்பா கையைத் தட்டிச் சிரித்தார், "பரிசுன்னாலே சும்மா குடுக்கிறதுதானே, காசு வாங்கினா அது வியாபாரம்டா" என்றார். இன்னொரு நாள் லாரி நிலையத்தில் ஒருவன் ரிவர்ஸ் பேக், ரிவர்ஸ் பேக் என்று கத்தி லாரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே போய், ரிவர்ஸ் என்றாலே பின்னால்தான், பேக் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் நடத்துவதுபோலப் பாடம் நடத்த, அவன் வாயை மூடிக்கொள்ள, லாரி போய் கெங்கி உருண்டை விற்கிறவளின் கூடையில் ஏறியது, நினைவிருக்கிறதா? "நீங்க ஒரு வார்த்தையப் புடுங்கினீங்க மாஸ்டர், லாரிக்குப் பாதிதான் காது கேட்டுச்சு" என்று அவன் சொன்னான். அன்றிலிருந்துதான் ஊரே அவரை ஒன்-வேர்ட் மாஸ்டர் என்கிறது. கதவைக்கூட ஒரு தட்டுக்கு மேல் தட்ட மாட்டார் என்று கிண்டல் செய்வாயே, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உள்ளே இருப்பவனுக்குக் காது உண்டு, இரண்டாவது தட்டு அவனை அவமானப்படுத்துவது என்பார்.

அம்மா இப்போது மிளகாயை விட்டுவிட்டாள். நீ புறப்பட்ட நாளைப் பற்றி எழுது என்கிறாள். நம் பேச்சில் போகிறேன் என்று யார் சொல்கிறார்கள், போய்ட்டு வரேன் என்றுதானே சொல்வோம், அதையே நாம் இங்கிலீஷில் சொன்னால் அப்பா, போகிறாயா வருகிறாயா, ஒன்றைச் சொல் என்று மடக்குவார். லாரியில் ஏறும்போது நீ அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் ஐ ஆம் கோயிங் என்று மட்டும் சொன்னாய், எனக்குத் தெரியும். அவரும் சிரித்துக் கை குலுக்கினார். அம்மா சொல்கிறாள், "அன்னிக்கு வரேன்னு சொல்லாமப் போனான் என் பிள்ளை. ரெண்டு பேருக்கும் படிப்பு ஏறி வார்த்தை கொறஞ்சு போச்சு."

இப்போது முக்கியமான விஷயம். உன் கடைசிக் கடிதம் மழைக்காலத்தில் வந்தது. அப்பா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தார். உன் எல்லாக் கடிதங்களையும் அவர் அப்படித் திருத்தித்தானே வைப்பார், வெள்ளைப் பனி என்று நீ எழுதியிருந்ததை, பனி வேறு எந்த நிறத்தில் இருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அதுபோலத்தான். ஆனால் இந்தக் கடிதத்தை, பையன் பெரியவனாகிவிட்டான், தன் பிழையைத் தானே பார்க்கட்டும் என்று உனக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கடைசி வரியில் நீ ஐ வில் ரிடர்ன் பேக் ஹோம் எகெய்ன் என்று எழுதியிருந்தாய். அவர் பேக் ஹோம் எகெய்ன் மூன்றையும் ஒரே கோட்டில் அடித்தார், ஓரத்தில் தேவையில்லை என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ரிடர்ன்னாலே திரும்பி வர்றது. அதுக்குள்ள பேக்கும் இருக்கு, எகெய்னும் இருக்கு. ஹோம் எதுக்கு? பிள்ளை வேற எங்க திரும்பி வருவான்?" என்று என்னிடம் சொன்னார், அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் அண்ணா. மிச்சமிருந்த ஐ வில் ரிடர்ன் என்பதை விரலால் தொட்டுக் காட்டி, இப்போது எவ்வளவு அழகாக இருக்கிறது பார் என்றார்.

மான்சா அக்கா அவள் அம்மாவின் சாவுச் சடங்குக்கு வந்திருக்கிறாளே, போன வாரம் மீன் வாங்க வந்த இடத்தில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "அத்தை, ஃபீஃபி இனிமே ஊருக்கு வர்றதா இல்ல. நான் வர்றேன் வீட்டுக்குன்னு எழுதினா, மாஸ்டர் வீட்டையே கோடு போட்டு அடிச்சுட்டாரு, தேவையில்லைன்னும் எழுதிட்டாருன்னு சொன்னான். அந்தத் தாளைக் காட்டிக் காட்டி அழுதான்" என்றாள். அம்மா கையிலிருந்த மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் ஒன்றும் விற்கவில்லை. அண்ணா, அவர் வார்த்தைகளைத்தான் அடித்தார். வீட்டை அடிக்கவில்லை, உன்னை அடிக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு அர்த்தம் வரும் என்றே தெரியாது, இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. நீ ஏன் எழுதவில்லை என்று புரியாமல் காத்துக்கொண்டிருக்கிறார். சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன், அம்மா தடுத்துவிட்டாள், மகன் வீட்டுக்குள் வந்து நிற்கட்டும், அதற்குப் பிறகு சொன்னால் தாங்குவார், இப்போது தாங்க மாட்டார் என்கிறாள்.

ஏன் தாங்க மாட்டார் என்றால் அவர் கண் போய்க்கொண்டிருக்கிறது. இதைத்தான் உனக்கு எழுதவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், "கடுதாசி அவன் கையில இருக்கு, பதில் அவன்தான் போடணும், என் கண்ணப் பத்தி ஒரு எழுத்துப் போகக் கூடாது, பரிதாபப்பட்டு வர்ற பிள்ளை எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார், ஆகவேதான் எனக்கு இவ்வளவு பயம். கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரமெல்லாம் இருண்டு, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. கேப் கோஸ்ட் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போனது போனதுதான், அடுத்த மத்திக் காலத்துக்குள் டோட்டலி ப்ளைண்ட் ஆகிவிடும் என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பா, "ப்ளைண்ட் போதும் டாக்டர். டோட்டலி வேண்டாம்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார், வீடு வரும்வரை விடவில்லை.

தினமும் தபால் நிலையத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார், நடை பழக என்று சொல்லிக்கொள்கிறார். அங்கே இருக்கிற அகே அண்ணனுக்கு அவரைச் சீண்டுவதில் ஒரு ஆசை, முந்தாநாள் வேண்டுமென்றே, "மாஸ்டர், இன்னிக்கும் உங்களுக்கு ஃப்ரீ கிஃப்ட் ஒண்ணும் வரல!" என்று கத்தினான். எல்லோரும் அப்பா பாய்வார் என்று காத்திருந்தார்கள். அப்பா சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அகே அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. அன்று மாலை உன் பழைய கடிதத்தை, அந்த வெள்ளைப் பனிக் கடிதத்தை, வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ரிபீட் எகெய்ன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரிபீட் எகெய்ன்! இந்த வீட்டில் நீயோ நானோ அப்படிச் சொல்லியிருந்தால் மீன் தலை என்ன, மீன் வாலே கிடைத்திருக்காது. நான் திருத்தவில்லை. மறுபடி வாசித்தேன்.

அண்ணா, அந்தத் திருத்திய கடிதத்தின் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாயா? உறையை ஒட்டியது நான், அதனால்தான் எனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவை மூடி வைத்த பிறகு, பின்பக்கத்தில் அடி ஓரமாகப் பென்சிலால் ஒரு சொல் எழுதினார். பென்சில் கூர் மழுங்கிப்போயிருந்தது, தாளில் விழவே இல்லை, அது அவருக்குத் தெரியவில்லை, கண் அப்போதே அப்படி ஆகிவிட்டிருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அழுத்திய தடம் தெரியும். வா என்று எழுதியிருக்கிறார். அவர் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே, ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார்.

இதை நான் எழுதியதும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஒரு வா போதுமா? வாசல்ல நிக்கிற விருந்தாளிக்குச் சொல்றது அது. பெத்த பிள்ளைய வா வான்னுதான் கூப்பிடணும். நீ நான் சொல்றத அப்படியே எழுது, ஒண்ணையும் வெட்டாத" என்கிறாள். வெட்டவில்லை. இது அம்மா: என் கண்ணே, திரும்பி மறுபடியும் நம்ம வீட்டுக்குத் திரும்ப வந்துடு, உங்கப்பா கண்ணால உன்னைக் கண்ணாரப் பாக்கணும், சீக்கிரமா வெரசா வா, உன் மூஞ்சி அவருக்குத் தெரியற வரைக்குமாவது அந்த வெளிச்சம் நிக்கணும்னு நான் தினம் தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன், கடலும் காத்தும் உன்னை நல்லபடியா பத்திரமா கொண்டுவந்து சேக்கட்டும், நீ நல்லா இருப்ப, நல்லா இருப்ப.

மான்சா அக்கா ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாள். உனக்குக் கொடுத்தனுப்புகிற கருவாட்டுப் பொட்டலத்தின் அடியில் இதை வைக்கிறேன், தாளில் மீன் வாசம் அடித்தால் முகம் சுளிக்காதே. வருகிற நாளை அப்பா பெயருக்கே எழுது, என் பெயரைச் சொல்லாதே, கண் விஷயம் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. எழுதும்போது ரிடர்ன் பேக் ஹோம் எகெய்ன் என்று முழுசாக எழுது, நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன், ஒரு சொல்லையும் விடாமல் வாசிப்பேன். முதலில் அந்தத் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார், மறந்துவிடாதே. இப்படிக்கு உன் அம்மாவும், அவள் சொல்ல எழுதிய உன் தங்கை எக்கு

கதவில் ஒரு தட்டு. அப்பாதான். அம்மா மிளகாய்த் தட்டை என் மடியில் கவிழ்த்து மூடச் சொல்கிறாள், நான் மூச்சே விடவில்லை, அவர் போகவில்லை அண்ணா, வெளியிலேயே நிற்கிறார், இதோ இன்னொரு தட்டு, இரண்டாவது தடவை தட்டுகிறா