கோல்டர் மலை இறக்கத்தின் ஒற்றைச் சரிவுப் பலகை

அனுப்புநர்:
வெர்லின் ஸ்டம்போ (வயது 78),
சாலைப் பராமரிப்புத் தொழிலாளி (ஓய்வு),
மில் தெரு, டன்னிங் ஃபோர்டு.

பெறுநர்:
மாவட்டச் சாலைப் பொறியாளர் அவர்கள்,
ஹார்லெஸ் மாவட்டம்.

பொருள்: பள்ளி திறக்குமுன் கோல்டர் மலைச் சாலையில் மூன்று சரிவுப் பலகைகள் நடக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், ஜூலை 9.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கோல்டர் மலையிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கும் சாலை மூன்று மைல். உச்சியில் "சரிவு 6 சதவீதம்" என்று ஒரே பலகை நிற்கிறது. அந்த ஆறு வெறும் சராசரி. முதல் மைலில் நூறு அடிக்கு ஏழு அடி இறங்குகிறது. நடு மைலில் ஓர் அடிதான். கடைசி மைலில் பத்து அடி. அது முடியும் இடத்தில்தான் பதினொரு பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

2. கடந்த மே 17 அன்று ட்ராய் பெலாஞ்சர் என்ற இருபத்தாறு வயது ஓட்டுநர் உருளைக்கிழங்கு லாரியோடு இறங்கினார். எங்கள் மலைக்குப் புதியவர். நடு மைலுக்கு வந்ததும், பின்னால் இன்னொரு லாரியில் வந்த நண்பரிடம் இருவழி வானொலியில் பேசியிருக்கிறார்: "அப்பாடா, இறக்கம் முடிஞ்சுதுடா. கீழ போய் காபி குடிக்கலாம், வா." வேகத்தைப் பிடித்து வைத்திருந்த கியரை உயர்த்தினார். கடைசி மைலில் பிரேக் புகைந்து போய், பேருந்து நிழற்குடையை உடைத்துக்கொண்டு பாறையில் மோதி இறந்தார். அன்று சனிக்கிழமை. நிழற்குடையில் பிள்ளைகள் இல்லை. வானொலியில் அவர் பேசியதை அந்த நண்பர் அன்றே சாலையோரம் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

3. எத்தனை விதமாகச் சரிந்தாலும் மொத்த இறக்கம் ஒன்றே, ஆகவே பலகை சரி என்று தங்கள் கடிதம் கூறுகிறது. தங்கள் உதவியாளரும், "பெரியவரே, வீட்ல ஒரு இரும்புக் குண்டை உருட்டிப் பாருங்க, புரியும்" என்றார். உருட்டினேன். என் களஞ்சியத்தில், நேரான மரப்பலகையிலும், ஏழு, ஒன்று, பத்து என்று மூன்றாக வளைத்த பலகையிலும் குண்டு ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் கீழே வந்து சேர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஐயா, குண்டுக்கு அறிவிப்புப் படிக்கத் தெரியாது. சமதளம் கண்டு அது மனம் ஆறுவதில்லை, கியர் மாற்றுவதில்லை. மனிதன் மாற்றுகிறான். அதன்பின் அவன் வேகத்தைத் தீர்மானிப்பது எதிரே உள்ள சரிவுதான். அந்த நேரான மரப்பலகையை நூறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் உயர்த்தி உருட்டினேன், பிறகு பத்து அங்குலம். ஆறில் குண்டு களஞ்சியக் கதவில் முட்டி நின்றது; பத்தில் கதவையே பெயர்த்துவிட்டது.

4. இறக்கத்தின் அடியில் உணவுக்கடை நடத்தும் நதீன் சொன்னதையும் பதிவு செய்கிறேன்: "வெர்லின், நமக்குத்தான் இந்த மலை தெரியுமே. பலகை வெளியூர்க்காரனுக்குத்தானே? அவன்கிட்டயே பாதி உண்மை சொன்னா எப்படி?"

5. தங்கள் கோப்பில் இல்லாத ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 1983 நவம்பரில் அந்தப் பலகையை நட்ட குழுவில் நான் இருந்தேன். லாரியில் மூன்று பலகைகள் வந்திருந்தன. தரை உறைந்திருந்தது, அடியில் பாறை. முதல் குழியிலேயே என் கடப்பாரை வளைந்துவிட்டது. நான்தான் மேஸ்திரியிடம், "மூணு குழியை எவன் தோண்டறது? கூட்டி வகுத்து ஒரே பலகையா போடுங்கண்ணே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் ஆறு என்று எழுதிய ஒரே பலகை வந்தது. நட்டோம். அவர்களில் இன்று உயிரோடிருப்பவன் நான் ஒருவனே.

6. ஆகஸ்ட் 25 அன்று பள்ளி திறக்கிறது. அதற்குள் ஏழு, ஒன்று, பத்து என்று மூன்று பலகைகள் வேண்டும். நடுப்பலகையில் "இறக்கம் முடியவில்லை" என்றும் எழுத வேண்டும். பேருந்து நிறுத்தத்தைத் தேவாலயத்தின் பக்கம் மாற்ற வேண்டும். ஆள் இல்லை, நேரம் இல்லை என்ற பதிலை ஏற்க இயலாது. மூன்று குழிகளையும் நானே தோண்டி, மரப்பலகையால் மூடி வைத்திருக்கிறேன். அனுமதி இன்றித் தோண்டியது குற்றமானால் வழக்குப் போடுங்கள், வருகிறேன். ஆனால் அதற்கு முன் பலகைகளை அனுப்பிவிடுங்கள்.

இடம்: டன்னிங் ஃபோர்டு
நாள்: ஆகஸ்ட் 11, 2025

உண்மையுடன்,
வெர்லின் ஸ்டம்போ
(ஒப்பம்)