உபதேசியார் வீட்டுச் சுவர்

நாச்சியாபுரம்
7.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் தாளில் எழுதுகிறேன்.

உபதேசியார் வீட்டைப் பற்றித்தான். வேதக்கோயில் கட்டுவதற்கு முன்பு பூசை நடந்த வீடென்று ஊரே காப்பாற்றி வருகிறது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வீட்டுக்கொரு கூடை செம்மண் கொண்டுபோய்ப் பூசுவோமே, அந்தச் சிரமமே வேண்டாமென்று போன லீவில் நீ சிமெண்டு பூசிக் கொடுத்தாய். இப்போது அந்தச் சுவர் வியர்க்கிறது. மழையே இல்லை, கை வைத்தால் ஈரம். தட்டினால் காலிப் பெட்டி மாதிரி ஓசை. அடியில் ஒரு வெடிப்பு. உள்ளிருந்து மண் மாவாகக் கொட்டுகிறது. மண்சுவருக்குச் சிமெண்டு பூசினால் உள்ஈரம் வெளியேறாமல் சுவரே கரைந்துவிடும் என்று புத்தகத்தில் படித்தேன். போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

சாவி அப்பாவிடம். தினமும் சாயங்காலம் உள்ளே உட்கார்ந்து வேதாகமம் வாசிக்கிறார். வேண்டாமென்றால், "எம்மகன் இன்ஜினியரு. தப்புன்னா அவன் கைப்பட எழுதித் தரட்டும்" என்கிறார். நீ போனில் சொன்னால் நான் சொல்லிக் கொடுத்தது என்பார். தப்பென்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதேன்.

தங்கை
ஷீலா


தோஹா
26.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாலு புத்தகம் படித்துவிட்டு எனக்கே கட்டடம் சொல்லித் தருகிறாயா? பல்லிக்குப் பயந்து அந்த வீட்டுப் பக்கமே வராதவள்தானே நீ. டிசம்பரில் வீட்டுக்கு நூற்றாண்டு விழா. வாசலில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது தப்பென்று எழுதினால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது? கிறிஸ்துமஸுக்கு வந்து நானே பார்க்கிறேன். அதுவரை அப்பாவைக் குழப்பாதே.

வெடிப்பு எவ்வளவு நீளம் என்று மட்டும் அளந்து எழுது.

அண்ணன்
சகாய ஆண்டனி


நாச்சியாபுரம்
11.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அளந்தேன். போன வாரம் இரண்டு சாண். இன்று மூன்றரை.

ஜெபமாலை மாதமென்று தினமும் நாற்பது பேர் அங்கே கூடினார்கள். சுவர் நிற்காதென்று நான் எழுந்து சொல்லிவிட்டேன். "கூடப் பெறந்தவன் பேரக் கெடுக்கவா பாக்குறே?" என்று செபஸ்தியம்மாள் பெரியம்மா ஏசினார். ஆனால் மறுநாள் ஜெபமாலை கோயிலுக்கு மாறிவிட்டது. ஏனென்று யாரும் சொல்லவில்லை.

அப்பா மட்டும் அங்கேதான் போகிறார். "ஊரு ஒதுங்குனா ஒதுங்கட்டும். நானும் ஒதுங்குனா எம்மகனுக்கு என்ன மரியாத?" என்கிறார்.

குன்றக்குடிப் பக்கம் மழை இறங்கிவிட்டது. ஒரே ஒரு வரி, அண்ணே.

தங்கை
ஷீலா


நாச்சியாபுரம்
9.11.2024

அண்ணனுக்கு,

நீங்கள் அப்பாவின் அடக்கம் முடிந்து விமானம் ஏறிய மறுநாள் தபாலில் ஒரு உறை வந்தது. அப்பா பெயருக்கு, உங்கள் கையெழுத்தில். முத்திரையில் அக்டோபர் இருபத்தெட்டு. சுவர் விழுந்தது முப்பது.

இங்கிருந்த நான்கு நாளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை. உறையை நான் பிரிக்கவில்லை. அப்பாவின் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

வீட்டைத் திரும்ப எழுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கொரு கூடை செம்மண். நம் வீட்டுக் கூடையை நான் சுமக்கிறேன்.

வாசலில் உங்கள் பெயர் வெட்டிய கல் விழவில்லை. எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன்.

ஞா. ஆரோக்கிய ஷீலா