டிரைவர் கையில் சுத்தியல்

மரக்காணம்
9-9-1973

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு,

சூசைமேரி எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். என் கோவமும் சுகமாத்தான் இருக்குது. டீசல் எஞ்சின் பயிற்சிக்குக் கம்பெனி உங்களை லெனின்கிராடுக்கு அனுப்புதுன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம், டிக்கெட் வந்த அன்னிக்குத்தான் கட்டின பொண்டாட்டிக்குத் தெரியணுமா? எட்டு மாசமாச்சு, இன்னும் எனக்கு ஆறல.

போன கடிதத்துல மொத்தம் நாலு வரி. "தங்குற எடத்துக்குப் பக்கத்துல ரோட்டோரமா ஒரு டேங்க் நிக்குது, நாப்பத்தாறு டன், ஜனங்க பூ வைக்கிறாங்க"ன்னு எழுதியிருந்தீங்க. நான் தண்ணி டேங்க்னு நெனச்சுட்டேன். பங்குச் சாமியார்கிட்ட போய், ரஷ்யாவுல தண்ணிக் கஷ்டம் போல, டேங்குக்குப் பூ வைக்கிறாங்களாம் சாமின்னு சொன்னேன். அவர் சிரிச்ச சிரிப்புல மூக்குக் கண்ணாடி கழண்டு விழுந்துடுச்சு. அது சண்டை போடற டாங்கியாம். இப்ப உப்பளத்துல என் பேரே தண்ணி டேங்க். ஒரு வார்த்தை விளக்கி எழுதினா கை தேஞ்சிடுமா உங்களுக்கு?

மார்ச்ல பயிற்சி முடியும்னீங்க. முதல் உப்பு வாருறதுக்குள்ள வந்துடுங்க.

சூசைமேரி


லெனின்கிராடு
14-10-1973

அன்புள்ள சூசைக்கு,

விளக்கமாவே எழுதறேன். அது கே.வி. டாங்கி, ஜெர்மன்காரனோட நடந்த சண்டையோட ஞாபகமா மேடை கட்டி நிறுத்தியிருக்காங்க. ஒரு தளபதி பேரை வெச்சு, இந்த ஊர் ஃபாக்டரியிலதான் முதல்ல செஞ்சாங்க. அதுக்கு முன்னாடி பெரிய டாங்கின்னா தலைக்கு மேல நாலஞ்சு பீரங்கிக் கூண்டு வெச்சுத் திணறுமாம். இவங்க ஒரே கூண்டு போதும்னு சொல்லி, மிச்சமான எடையை எல்லாம் கவசத்துல போட்டாங்க. மூணு அங்குல கெட்டி இரும்பு. உள்ள அஞ்சு ஆளு. பன்னெண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், அறுநூறு குதிரைச் சக்தி. நம்ம உப்பளத்து எஞ்சினை நெனச்சுப் பாரு. சக்கரத்தைச் சுத்தி அகலமா இரும்புப் பட்டை ஓடறதால சேத்துல அவ்வளவு சீக்கிரம் புதையாது. நீ உப்புப் பாத்திச் சேத்துல பலகை போட்டு நடப்பியே, அதே கணக்கு.

எதிரி அரண் கட்டி உக்காந்திருந்தா இதுதான் முன்னாடி போவும். காலாட்கள் பின்னாடி வருவாங்க. 41ல ஒரே ஒரு கே.வி. ரோட்டை மறிச்சு நின்னு, ஒரு பெரிய ஜெர்மன் படையை ஒரு நாளுக்கு மேல நகர விடல. சுட்ட குண்டெல்லாம் தெறிச்சுப் போயிருக்குது. விமானத்தைச் சுடற பீரங்கியைக் கொண்டாந்துதான் அடக்க முடிஞ்சுது. உள்ள இருந்தவங்க யாரும் பொழைக்கல. அதைக் கேட்டதுலேர்ந்து நானும் ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல அங்கதான் போய் நிக்கறேன்.

குறையும் உண்டு. எடை தாங்காம பாலம் உடையும். கியர்பாக்ஸ் படுமோசம். என்கூட வேலை செய்யற பியோதர் சண்டையில கே.வி. ஓட்டினவர். கியர் விழாதாம், பக்கத்துலயே ஒரு சுத்தியல் வெச்சிருந்து அடிச்சு அடிச்சுத்தான் மாத்துவாராம்.

இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. பிப்ரவரிக்குள்ள கையெழுத்துப் போடணும்.

இராயப்பன்


மரக்காணம்
20-11-1973

அன்புள்ள மாமாவுக்கு,

மழையில பாத்தியெல்லாம் முழுகிக் கெடக்குது. வேலையில்லாம உக்காந்திருக்கிற பொம்பளைங்களுக்கு எல்லாம் உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். அந்த ஒத்த டாங்கி கதைக்கு அஞ்சம்மாள் அழுதுட்டா. எனக்கும் உடம்பு சிலிர்த்துது. எப்பேர்ப்பட்ட வண்டி அது.

ஆனா கடைசி ரெண்டு வரியை நான் படிச்சுக் காட்டல. டாங்கிக்கு ரெண்டு பக்கம், எனக்கு ரெண்டு வரி. "இருக்கட்டுமா சூசை"ன்னு ஒரு கேள்வி கூட இல்ல.

மாமா, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். நீங்களும் கே.வி.தான். எங்க அண்ணன் சண்டைக்கு வந்தப்ப, உங்க கம்பெனியில பழி போட்டப்ப, எனக்கு முன்னாடி நின்னு எல்லா அடியும் வாங்கினீங்க. ஒரு கீறல் விழல. அதுல எனக்கு எப்பவும் பெருமைதான். ஆனா ஒரு வார்த்தை வெளிய வரணும்னா நான் சுத்தியல் எடுக்க வேண்டியிருக்குது. பத்து வருஷமா அந்த டிரைவர் சீட்டுல இருக்கேன், கை வலிக்குது. உப்பளத்து எஞ்சினை நான் சுத்தியலால தட்டினா, "மெஷினை அடிக்காதே"ன்னு திட்டற ஆளு நீங்க.

அந்தக் கியர்பாக்ஸை யாருமே சரி பண்ணலியான்னு பியோதரைக் கேட்டு எழுதுங்க. கையெழுத்துப் போட்டுட்டா எழுத வேணாம். நான் கூனிமேட்டுல எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்.

சூசைமேரி


லெனின்கிராடு
6-1-1974

அன்புள்ள சூசைக்கு,

பியோதரைக் கூட்டிக்கிட்டு டாங்கிகிட்டப் போனேன். என் சம்சாரம் இப்படிக் கேக்கறான்னு சொன்னேன். அவர் மேடை மேல கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு.

சரி பண்ணியிருக்காங்க, சூசை. சண்டை நடந்துக்கிட்டிருக்கும்போதே. டிரைவருங்க கேட்டுக் கேட்டு, பக்கத்துக் கவசத்துல கொஞ்சம் குறைச்சு, எடையை எறக்கி, கியர்பாக்ஸைப் புதுசா போட்டாங்க. சுத்தியல் இல்லாம கையாலயே கியர் விழுந்துச்சாம். மேடையில நிக்கறது அந்த மாத்தின வண்டிதான். ஒரு வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியல.

டிக்கெட் விஷயத்தை உன்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டியே. நீ போகாதேன்னு சொல்லிட்டா நான் போயிருக்க மாட்டேன். அந்த பயம்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிருக்குது.

கையெழுத்துப் போடல. இருக்கட்டுமா, வரட்டுமா, சூசை? நீ சொல்றதுதான்.

உன் இராயப்பன்


மரக்காணம்
29-1-1974

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை மூணு தடவை படிச்சேன். கடைசிக் கேள்வியை மட்டும் அஞ்சம்மாளுக்குப் படிச்சுக் காட்டினேன். மத்ததெல்லாம் எனக்கு.

தண்ணி வடிஞ்சுடுச்சு. புது உப்புக்குத் தரை கெட்டியாக, பாத்தி மிதிக்க ஆரம்பிச்சுட்டோம். நான் எங்கம்மா வீட்டுக்குப் போகல. வாங்க.

சுத்தியலை எஞ்சின் கொட்டாயில ஆணி அடிச்சு மாட்டிட்டேன். தூக்கிப் போடல. புது கியர்பாக்ஸ் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்.

இப்படிக்கு,
உங்க தண்ணி டேங்க்