வாசிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட உரை

பட்டாபிராம்
ஜூலை 20

அன்புள்ள கிருபாகரா,

இந்தத் தொகுதியின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு முடிவை நேற்று எடுத்தோம். இனி உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை, தபாலில்தான். நான் முன்மொழிந்தேன், ஜஹானாரா வழிமொழிந்தாள், மகள் மெஹக் நடுநிலை வகித்தாள். காரணம் உன் உதவியாளர். ஜஹானாராவின் மாமா மௌத்தாகி அடக்கம் செய்த செய்தியை அனுப்பினேன். உன் சிரித்த படத்துடன் 'இனிய வாழ்த்துகள்' வந்தது.

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மதியத்தில் ஆள் வருவதில்லை. அந்நேரம் உன் மக்களவை உரைகளைப் படிக்கிறேன். சில சந்தேகங்கள். கப்பல் மசோதாவில் பேசியிருக்கிறாய். நம் தொகுதியில் கடல் எங்கே இருக்கிறது? எந்த உரையிலும் முக்கால் பங்கு உன் கட்சித் தலைவருக்கு நன்றி, கால் பங்கு மசோதாவுக்கு வரவேற்பு. எதிர்த்துப் பேசக் கூடாது என்று விதி ஏதும் உண்டா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று தெரிந்தே ஆக வேண்டும். ராணுவ நிலங்களின் சுற்றெல்லை மசோதா வருகிறதாமே? ராணுவக் கிடங்கு மதிலை ஒட்டி நான் கட்டும் வீட்டை நீ பார்த்திருக்கிறாய். ஆறாம் பிரிவின்படி, மசோதா நிறைவேறும் நாளில் மேல்தளம் போட்ட வீடு அப்படியே இருக்கலாம். போடாத வீட்டை அதற்கு மேல் கட்டக் கூடாது. என் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, தளம் இல்லை.

கொத்தனார் ஏகாம்பரம், "இன்னா பாய் யோசிச்சிகினு கீற? அவங்க சட்டம் போட்றதுக்குள்ள நாம தளம் போட்டுக்கலாம்" என்கிறார். ஜஹானாராவின் நகையை அடகு வைத்தால் அடுத்த வாரமே போடலாம். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
பஷீர்


புதுதில்லி
ஜூலை 27

அன்பு மச்சான் பஷீர்,

உன் கடிதத்தை உதவியாளரின் 'தெருவிளக்கு' புகார்க் கோப்பிலிருந்து மீட்டேன்.

கப்பல் மசோதாவில் பேச வேண்டியவருக்கு அன்று பல்வலி. அவர் தாளை நான் வாசித்தேன். அதில் வந்த துறைமுகங்கள் எனக்கும் புதியவை. எதிர்த்துப் பேச விதி தடையில்லை. கட்சிக் கொறடா என்று ஒருவர் இருக்கிறார், அவரே தடை.

ஆனாலும் ஆறாம் பிரிவைப் பற்றிப் பேசியே தீருவேன். சுவர் எழுந்த வீடுகளையும் விட்டுவிட வேண்டும் என்று கேட்பேன். பெயர் கொடுத்துவிட்டேன். நகையைத் தொடாதே. நீ அவசரமாகத் தளம் போட்டால், 'எம்.பி.யின் கூட்டாளி சட்டத்தை முந்தினார்' என்று ஆவடி முழுக்கப் போஸ்டர் ஒட்டுவார்கள். எனக்காகக் கொஞ்சம் பொறு.

உன்,
கிருபா


பட்டாபிராம்
ஆகஸ்ட் 2

அன்புள்ள கிருபா,

பொறுத்துவிட்டேன். ஏகாம்பரத்திடம் சொன்னேன். "எம்பி பேச்சுக்கோசரம் சிமெண்டு வெய்ட் பண்ணுமா பாய்? கட்டியா பூடும்" என்றார். ஜஹானாரா, "உங்க கூட்டாளி சென்ட்ரல் போற ரயிலையே ஒரு நாளும் நேரத்துக்குப் பிடிச்சதில்ல. அவர நம்பி வீட்ட நிறுத்துறீங்களே" என்றாள். நீ இப்போது விமானத்தில் போகிறவன் என்று விளக்கினேன்.

உனக்கு எத்தனை நிமிடம் தருவார்கள்? மணி அடித்தால் மைக்கும் நின்றுவிடுமா? தலைவருக்கு நன்றியை இந்த ஒரு முறை விட்டுவிட்டு நேரே ஆறாம் பிரிவுக்குப் போ. அவருக்கு நான் தனியாகக் கடிதம் எழுதி நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

கடையை மூடிவிட்டு டி.வி. முன்னால் உட்காரப் போகிறோம்.

பஷீர்


புதுதில்லி
ஆகஸ்ட் 12

என் அருமை பஷீர்,

நல்ல செய்தி. என் உரை முழுவதும், ஒரு சொல் குறையாமல், அவைக்குறிப்பில் ஏறிவிட்டது!

எங்கள் கட்சிக்கு ஐந்து நிமிடம். அதை எங்கள் மக்களவைக் குழுத் தலைவரே எடுத்துக்கொண்டார், பெரும்பாலும் நன்றிக்காக. அப்புறம் ஒரே கூச்சல். பேச விரும்புகிறவர்கள் உரையை மேசையில் வைக்கலாம், வாசித்ததாகக் கருதப்படும் என்றார்கள். முதல் ஆளாக வைத்தவன் நான். பிறகு குரல் வாக்கெடுப்பு. கொறடா பக்கத்து இருக்கையில் இருந்ததால் 'ஆம்' என்றேன். மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது.

உன் வீட்டுக்கென்றே ஒரு பத்தி. 'வானம் பார்த்து நிற்கும் சுவர்கள்' என்ற வரியை எங்கள் குழுத் தலைவர் தனியாகப் பாராட்டினார். அச்சுப் பிரதி இணைத்திருக்கிறேன். கடையில் மாட்டி வை. புதுமனை புகுவிழா தேதியைச் சொல், கட்டாயம் வருகிறேன்.

உன்,
கிருபா


பட்டாபிராம்
செப்டம்பர் 6

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் உரை கிடைத்தது. இருமுறை படித்தேன். வீட்டைப் பற்றிய பத்தியில் பிழையில்லை.

விவாதம் நடந்த அன்று மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தாங்கள் மூன்றாம் வரிசையில் தெரிந்தீர்கள். "அத்தா, கிருபா மாமா எப்போ எந்திரிப்பாரு?" என்று மெஹக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உரையின் கடைசி வரியில் 'இம்மசோதாவை ஆதரித்து அமர்கிறேன்' என்று இருக்கிறது. எழாத ஒருவர் எவ்வாறு அமர்ந்தார் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். பதில் அவசரமில்லை.

சட்டம் சென்ற வாரம் அமலுக்கு வந்தது. ஏகாம்பரம் வியாழக்கிழமை கம்பிகளையும் சென்ட்ரிங் பலகைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளானூருக்குப் போனார். அங்கே வேறொரு வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
அ. பஷீருதீன்
வாக்காளர்