காரணம் சொல்லாமல் ஏடு தள்ளிய மயிற்பொறி

நலம் பெருகுக. மலையும் நெய்தலும் ஆளும் வேங்கைநாட்டுப் பேரரசி சீர்மாதேவியார் திருவாணையால், கழிமுகத் துறைத்தலைவர் மாநக்கனாருக்கு விடுத்த ஓலை. உம் துறையில் மீன் பெருகுக, காய்ச்சல் அருகுக.

அவையில் நடுவே அரசியார். வலப்புறம் அமைச்சர் பெருங்கொற்றனார். இடப்புறம் மருத்துவர் நால்வர். இருக்கை தரப்படாமல் வாயிற்படியோரம் நின்றவள், ஏடு தேர்வோருள் மூத்தவளான அரிவைநங்கை.

உம் மக்களை வாட்டும் கழிக்காய்ச்சலுக்கு எந்த மருந்து மெய்யாகவே கேட்கும் என்றறிய, ஏழு சுவடிச்சாலைகளின் மருத்துவ ஏடுகள் அனைத்தையும் தேரும்படி ஆணை பிறந்திருந்தது. திரையின் இருபுறமும் இருவர் அமர்ந்து, ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் படிப்பதும், தள்ளுகிறவர் ஏன் தள்ளினார் என்று ஒரு வரி எழுதிக் கட்டுவதும், முரண்பட்டால் மூன்றாமவர் தீர்ப்பதும் முறை. ஆறு திங்களாகும் என்று சலித்த பெருங்கொற்றனார், மரக்கல வணிகரிடம் மயில் பொறித்த பித்தளைப் பொறியொன்றை வாங்கி, திரையைக் கழற்றிவிட்டார். மயிலில் மயங்கியவர், அது ஏட்டை எப்படித் தேர்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாரில்லை.

மூன்றே நாளில் பொறி நானூறு ஏடுகளைத் தள்ளி அறுபதை வைத்துக்கொண்டது. அறுபதும் நீலவேர்க் கஷாயத்தையே புகழ்ந்தன. தள்ளியதற்குக் காரணம் எங்கே என்று அரிவைநங்கை கேட்க, உமிக்கும் சாதகம் கணிப்பாயோ அம்மணி என்று அமைச்சர் நகைத்தார். அவளோ தள்ளுண்ட குவியலின்முன் சப்பணமிட்டு அமர்ந்துவிட்டாள்.

குணம் கண்ட ஏட்டின் ஓரத்தில் மருத்துவர் ஒரு வெட்டு இடுவது நம் வழக்கம். பொறியின் பல் அவ்வெட்டில் சிக்கிய ஏட்டை மட்டுமே பிடித்திருக்கிறது. மருந்து கைவிட்ட கதையெல்லாம் நழுவிக் கூடைக்குப் போயிற்று. நீலவேர் குடித்த இருபதின்மரில் பதினொருவர் மாண்டனர் என்றது அங்கே ஓர் ஏடு. அவ்வாறே சொன்னவை முப்பத்தேழு ஏடுகள்.

அவற்றை அரசியார் திருமுன் கொட்டி, பிழைத்தவனை மட்டும் எண்ணினால் நஞ்சும் அமுதந்தான் தாயே, செத்தவனுக்காக இந்த ஏடுதானே பேசவேண்டும் என்றாள். மருந்துச் சாடிகள் நேற்றே படகேறிவிட்டன என்று அமைச்சர் முணுமுணுத்தார். அரசியார் திருமுகம் சிவந்தது.

ஆணை இதுவாகும்: கையால் தேர்ந்து முடித்த நூறு ஏடுகளைக் கொடுத்து, எதை நழுவவிடுகிறது என்று பார்த்த பின்பே எக்கருவியும் சுவடிச்சாலைக்குள் வரும். மயிற்பொறியின் பல்லைக் கழற்றுக. திரையை மீண்டும் கட்டுக. நீலவேர்ச் சாடிகளைக் கரையிறக்கவொட்டாதீர், இறங்கியிருப்பின் உடைப்பீர், எவர் வாயருகேனும் குவளையைக் காண்பீராயின், மரியாதை பாராமல் தட்டிவிடுவீர்.

அமைச்சர் கையிலிருந்த முத்திரையை அரசியார் வாங்கித் தர, அரிவைநங்கையே அழுத்தினாள். அரக்கு ஆறக் காத்திராமல் குதிரை புறப்படுகிறது.