ஈர விறகில் பற்றிய நெருப்பு

டாஸ்மேனியா, 14 ஜூன் 2023. இன்று எனக்கு எழுபத்தாறு வயது, இரண்டு மாதம், ஒன்பது நாள்.

அன்புள்ள அலிஸ்டருக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலும் நலமென்று நம்புகிறேன். இந்த மலிவான திகில் படத்தில் நான் காட்டுப் பேய். காட்டில் தனியாகப் பிழைப்பது எப்படி என்று தொலைக்காட்சியில் கற்பிப்பவனைக் கொல்வது என் வேலை. அவனாக நடிக்கும் பிரோடி, குச்சியைக் கடைந்து உண்மையாகவே நெருப்பு மூட்டுவேன் என்று நேற்று அடம்பிடித்தான். விறகோ குளிர்கால மழையில் ஊறியது.

“பாட்டி, தள்ளி நில்லுங்க, புகை வருது.”

“அது உன் மூச்சுடா. ஒரு மணி நேரமா அதுதான் வருது.”

“வெளிச்சம் போகுது, பிரோடி,” என்றாள் இயக்குநர் டாம்சின். “நாளைக்குத் தயாரிப்பாளர் வர்றார். இந்தக் காட்சியைக் காட்டலேன்னா படத்தையே நிறுத்திடுவார்.”

கைக்கொப்புளத்துக்குத் துணி சுற்ற அவன் திரும்பியபோது, சருகுக்குள் ஒரு தீக்குச்சியைக் கிழித்துச் செருகினேன். டாம்சின் பார்த்தாள், கேமராவை ஓட்டச் சொன்னாள். அவன் வந்து ஊதினான், பற்றிக்கொண்டது. அந்தப் பெருமித முகத்தைக் கேமரா அப்படியே பிடித்துக்கொண்டது. தயாரிப்பாளர் இன்று அதைப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வாரம் படமெடுக்கச் சம்மதித்தார்.

ஆகவே கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நீங்கள் நிரப்பி முடித்த குறுக்கெழுத்துத் தாள்களையும் வையுங்கள். பிழை திருத்தினால் மாலைப்பொழுது போகும். தபால் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது.

இன்னொன்று. திருமணத்துக்கு முன்பு ஏரிக்கரையில் நீங்கள் கடைந்து மூட்டிய நெருப்பும் என் தீக்குச்சிதான். அது பற்றாமல் நீங்கள் என்னைக் கல்யாணம் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ரோசலிண்ட்